ஓரத்தில் நிற்கும் ஆமணக்கு

ஐப்பசி மழை நின்று நாலைந்து வாரம் கழிந்த பின் கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் செல்லும் சாலையில் போகிறவர்கள், இருபுறமும் கரிசல் நிலம் பச்சை பிடித்துக் கிடப்பதைக் காணலாம். உளுந்தும் பாசிப்பயறும் மக்காச்சோளமும் பருத்தியும் அடுத்தடுத்த புஞ்சைகளில் நிற்கும். அவற்றுள் ஏதேனும் ஒரு பருத்திப் புஞ்சையைச் சுற்றி, நான்கு ஓரத்திலும் ஆமணக்கு ஒற்றை வரிசையாக நடப்பட்டிருக்கும். நடுவிலுள்ள பருத்தி செழிப்பாக இருக்க, ஓரத்து ஆமணக்கின் அகன்ற இலைகள் மட்டும் சல்லடையாக அரிக்கப்பட்டிருக்கும். வழிப்போக்கர் அதைக் கண்டு, நோய் பட்ட செடி என்று இரங்கக்கூடும். உழவருக்கு உண்மை தெரியும். அந்த ஆமணக்கு தின்னப்படுவதற்காகவே நடப்பட்டது.

அந்த ஆமணக்கு எனக்குள் நெடுநாளாக ஒரு கேள்வியை எழுப்பி வந்திருக்கிறது. ஒன்றைக் காப்பதற்காக வேறொன்றைத் தின்னக் கொடுப்பது முறைதானா? செடியைக் குறித்து இப்படிக் கேட்பது விளையாட்டாகத் தோன்றலாம். எனினும் இந்தக் கேள்வி செடியோடு நின்றுவிடுவதில்லை என்பதை என் வாழ்வே எனக்குக் கற்பித்தது. அதைச் சொல்வதற்கு முன், ஆமணக்கு அங்கு என்ன செய்கிறது என்பதைச் சற்று விளக்க வேண்டும்.

பருத்தி, மிளகாய், நிலக்கடலை, காய்கறி எனப் பலவற்றையும் தின்னும் ஒரு புழுவுக்குப் புரோடீனியா என்று பெயர். புகையிலை வெட்டுப்புழு என்றும் சொல்வர். அதன் தாய் அந்துப்பூச்சி இரவில் வந்து இலையின் அடியில் நூற்றுக்கணக்கான முட்டைகளை ஒரே குவியலாக இட்டு, பழுப்பு நிற மயிரால் மூடிவிட்டுச் செல்லும். பருத்தியும் ஆமணக்கும் அருகருகே இருந்தால் அது பெரிதும் நாடுவது ஆமணக்கின் அகன்ற இலையையே. பொரித்த குஞ்சுப் புழுக்கள் முதற் சில நாள்கள் கூட்டமாக ஒரே இலையில் தங்கிப் பச்சையத்தைச் சுரண்டித் தின்னும். அப்போது அந்த இலை வெளிறிக் கண்ணாடித் தாள் போலாகிவிடும். அந்த நாளில் அந்த ஓர் இலையைக் கிள்ளி அழித்தால் நூற்றுக்கணக்கான புழுக்கள் ஒழிந்தன. நான்கு நாள் தாமதித்தால் அவை வளர்ந்து பிரிந்து, பகலில் கரிசல் வெடிப்புகளுக்குள் ஒளிந்து, இரவில் வெளிவந்து மேயத் தொடங்கும். அதன் பின் அவற்றைப் பிடிப்பது அரிது.

இத்தகைய துணைப்பயிர்கள் பல உண்டு. தக்காளிக்கு நடுவே கேந்திப்பூவை நட்டால், காயைத் துளைக்கும் புழுவின் தாய்ப்பூச்சி அந்தப் பூவை நாடும். பதினாறு வரிசைத் தக்காளிக்கு ஒரு வரிசை கேந்தி என்றும், தக்காளி நாற்று இருபத்தைந்து நாளினதாகவும் கேந்தி நாற்று நாற்பத்தைந்து நாளினதாகவும் இருந்தால்தான் இரண்டும் ஒரே வேளையில் பூக்கும் என்றும் பெங்களூரிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வகுத்துத் தந்தது. முட்டைக்கோசுக்குக் கடுகு இவ்விதமே துணை நிற்கிறது. தட்டைப்பயறு செய்யும் உதவி வேறு வகையானது. அதன்மேல் வரும் அசுவினி வேறு, பருத்தியைத் தாக்கும் அசுவினி வேறு. தட்டைப்பயற்றின் அசுவினியைத் தின்று பெருகும் பொறிவண்டுகள், பசித்தபோது பக்கத்துப் பருத்திக்கும் சென்று அங்குள்ள அசுவினியையும் தின்னும். ஓரத்தில் நெருக்கமாக விதைத்த சோளம், காற்றோடு வரும் சிறு பூச்சிகளுக்கு வேலியாகிறது. ஆக, ஒரு செடி பகையை ஈர்க்கிறது, ஒரு செடி நட்பை வளர்க்கிறது, ஒரு செடி மறைத்து நிற்கிறது.

இவை முற்றிலும் புதியவை என்று சொல்வதற்கில்லை. மானாவாரிக் கரிசலில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறக்குறைய 700 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தின் சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். ஒரே பயிரை நம்பினால் ஒரே நாளில் எல்லாம் போகும் என்பதால் நம் முன்னோர் பருத்தியோடு உளுந்தையும், கம்போடு பயறு வகைகளையும் கலந்து விதைத்தனர். பூச்சியை எண்ணி அவர்கள் அவ்வாறு செய்தார்கள் என்று நான் புகழ மாட்டேன். பசியையும் மழையையும் எண்ணியே செய்தார்கள். ஆனால் கலந்து நின்ற பயிரில் பூச்சியும் அளவோடு நின்றது. 1901-இல் அரசுப் பண்ணையாகத் தொடங்கப்பட்ட கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இந்த மண்ணுக்குரிய பருத்தி, சோள வகைகளைத் தேர்ந்து தந்ததோடு, பருத்திக்கு இடையே உளுந்தை ஊடுபயிராக விதைக்கும் வழக்கத்தையும் முறைப்படுத்தியது.

இடையில் நாம் வேறொரு வழியில் நடந்தோம். டி.டி.டி.யின் பூச்சிகொல்லும் ஆற்றலைக் கண்டறிந்த பவுல் முல்லருக்கு 1948-இல் நோபல் பரிசு கிடைத்தது. பதினான்கே ஆண்டுகளில், 1962-இல், அதன் கேட்டை அமெரிக்க உயிரியலாளர் ரேச்சல் கார்சன் ஒரு நூலால் உலகுக்கு உணர்த்தினார். நம் நாட்டில் வேளாண்மைக்கு டி.டி.டி.யைப் பயன்படுத்தத் தடை வந்தது 1989-இல். எண்டோசல்பானுக்கு உச்ச நீதிமன்றம் தடை விதித்தது 2011-இல். இதற்கிடையே 1987-88-இல் ஆந்திரத்தின் குண்டூர், பிரகாசம் மாவட்டங்களில் எந்த நஞ்சுக்கும் காய்ப்புழு சாகாத நிலை தோன்றி, கடன்பட்ட பருத்தி உழவர்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள்.

நம் மொழியில் ஒரு விந்தை உண்டு. அந்த நஞ்சுக்கு நாம் இட்ட பெயர் 'மருந்து.' புஞ்சைக்கு மருந்தடிக்கப் போகிறேன் என்கிறோம். மனம் உடைந்த ஒருவர் அதையே குடித்துவிட்டால், மருந்தைக் குடித்துவிட்டார் என்று அழுகிறோம். உயிரைக் காப்பதற்குரிய சொல்லை உயிரை எடுப்பதற்கும் கொடுத்துவிட்ட பின், அது எந்தக் கையிலிருந்து எந்த உடலுக்குப் போகிறது என்று பார்க்க நாம் மறந்தோம். நானும் மறந்தவன்தான்.

1980-களின் நடுவில் எங்கள் குடும்பத்திற்குக் கோவில்பட்டிக்குக் கிழக்கே ஆறு ஏக்கர் புஞ்சை இருந்தது. நான் கல்லூரிப் படிப்பை முடித்து வேலைக்காகக் காத்திருந்த காலம் அது. புஞ்சையின் வரவு செலவை ஒரு நீள நோட்டில் எழுதும் பொறுப்பு என்னுடையது. எங்கள் ஆச்சி, பழைய வழக்கப்படி ஓரத்தில் நாலு கொட்டைமுத்து போடச் சொல்லுவாள். "அதுக்கும் வயிறுன்னு ஒண்ணு இருக்குல்ல, ஓரத்துல தின்னுட்டுப் போகட்டும்" என்பாள். ஓரம் முழுவதும் ஆமணக்குப் போட்டால் எத்தனை பருத்திச் செடிக்கு இடம் போகும் என்று நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஆமணக்கு விதைக்கப்படவில்லை. மருந்து வாங்கப்பட்டது.

மருந்தடிக்க வந்தவர் என்னைவிட இருபது வயதாவது மூத்தவர். நான் அவரை 'நீ' என்றுதான் அழைத்தேன். அன்றைய ஊர் வழக்கம் அதுதான் என்று சொல்லி நான் தப்பிக்கலாம். அவர் வெறுங்கையாலேயே மருந்தைக் கலக்கினார், தெளிப்பானை முதுகில் ஏற்றினார், இடுப்பளவுப் பருத்திக்குள் நடந்தார். பிற்பகலில் காற்று திரும்பி அவர் மேலேயே அடித்தது. மாலையில் வாந்தி எடுத்தார். கண் மங்குகிறது என்றார். வெயில் மயக்கம் என்று நாங்கள் முடிவு செய்தோம். எலுமிச்சைச் சாறு கொடுத்து, கூலியையும் கொடுத்து அனுப்பினோம். நான்கு நாள் அவர் வேலைக்கு வரவில்லை. ஐந்தாம் நாள் வந்து, மீதிப் புஞ்சைக்கும் அவரே அடித்தார். என் நோட்டில் மருந்துக்கு ஆன செலவும், ஆள் கூலியும் பைசா பிசகாமல் இருக்கின்றன. அவர் வீட்டில் கிடந்த நான்கு நாளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

2017-இல் மகாராட்டிர மாநிலத்தின் யவத்மாள் மாவட்டத்தில் பருத்திக்கு நஞ்சு தெளித்தவர்களுள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அந்தச் செய்தியைப் படித்த அன்று நான் பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் புஞ்சையில் ஆமணக்கு இல்லை என்று நான் எண்ணியிருந்தது தவறு. ஆமணக்கு இருந்தது. அதற்கு இரண்டு காலும் ஒரு குடும்பமும் இருந்தன.

இங்கேதான் கேள்வி கூர்மையாகிறது. ஒருவரைக் கொடுத்துப் பலரைக் காத்துக்கொள்ளும் கணக்கைத் தலைமைக் குருவான கயபா தலைமைச் சங்கத்தில் எடுத்து வைத்ததை யோவான் நற்செய்தியில் நாம் ஆண்டுதோறும் புனித வாரத்தில் கேட்கிறோம். கேட்டு முகம் சுளிக்கிறோம். ஆனால் அந்தக் கணக்கு நமக்கு அந்நியமானதன்று. ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட தெருக்கள், இதே கரிசல் வட்டாரத்தில் ஒரு காலத்தில் தீப்பெட்டித் தொழிலுக்குச் சென்ற சிறுமிகளின் பள்ளிக்கூடம் காணாத காலைகள், சாக்கடைக்குள் இறக்கப்பட்டவர்கள் எல்லாம் அந்தக் கணக்கின் விடைகள்தாம். நடுவில் இருப்பவர் செழிக்க ஓரத்தில் ஒருவர் அரிக்கப்பட வேண்டும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அப்படி நடக்கும்போது அதை வெயில் மயக்கம் என்று சொல்லிவிடுகிறோம்.

அப்படியானால் ஆமணக்கு நடுவதும் அதே குற்றத்தின் சிறு வடிவமா? நான் நெடுநாள் எண்ணிப் பார்த்து, இல்லை என்றே முடிவுக்கு வந்தேன். செடிக்கு மனிதருக்குரிய மாண்பு இல்லை என்பது முதற் காரணம். அதை மறுப்பவர் சோறும் உண்ண முடியாது. ஆனால் அது மட்டுமே காரணமாக இருந்தால், ஆமணக்கிலிருந்து நாம் கற்க ஒன்றுமில்லை என்றாகும். ஆமணக்கை நடும் செயலில் வேறு மூன்று பண்புகள் அடங்கியுள்ளன. அவையே என் நோட்டில் இல்லாதவை.

முதலாவது, நட்டவர் தம் நிலத்தைக் கொடுக்கிறார். பருத்தி நிற்க வேண்டிய இடத்தை விட்டுக்கொடுத்து, விதையும் உழைப்பும் தாமே செலவிட்டு, இழப்பைத் தம் கணக்கில் எழுதிக்கொள்கிறார். நாங்களோ ஓரத்து நிலத்தை மிச்சப்படுத்தி, இழப்பை இன்னொருவரின் உடலில் எழுதினோம். தன்னுடையதைக் கொடுப்பதும் பிறரை எடுத்துக் கொடுப்பதும் ஒன்றாகா.

இரண்டாவது, அது முற்றழிவை நாடுவதில்லை. துணைப்பயிர் இடுபவர் புஞ்சையில் ஒரு புழுவும் இருக்கக்கூடாது என்று எண்ணுவதில்லை. அசுவினி முழுதும் ஒழிந்தால் பொறிவண்டும் பட்டினியால் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். இதன் உண்மையை அண்மைக் கால வரலாறு ஒன்று கடுமையாகவே மெய்ப்பித்தது. 2002-இல் நம் நாட்டில் மரபணு மாற்றிய பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தபோது, அதைச் சுற்றி ஐந்து வரிசையோ அல்லது பரப்பில் இருபது விழுக்காடோ, எது மிகுதியோ அந்த அளவுக்குச் சாதாரணப் பருத்தியை நட வேண்டும் என்று விதி செய்யப்பட்டது. 450 கிராம் பி.டி. விதையோடு 120 கிராம் சாதாரண விதை தனிப் பொட்டலமாகத் தரப்பட்டது. அந்த ஓரத்தில் புழு தின்று பிழைக்கட்டும், பிழைத்தவை எதிர்ப்பாற்றல் பெற்ற புழுக்களோடு கூடி அந்த ஆற்றலை நீர்த்துப்போகச் செய்யட்டும் என்பது அதன் உட்கருத்து. பலர் அந்தச் சிறு பொட்டலத்தை விதைக்கவில்லை. புழுவுக்கு எதற்கு நிலம் என்று எண்ணினார்கள், நான் ஆச்சியிடம் சொன்னதைப் போலவே. 2010-இல் குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அந்தப் பருத்தியையும் தின்று வாழ்கிறது என்று விதை நிறுவனமே ஒப்புக்கொண்டது. அடுத்த தலைமுறைப் பி.டி. பருத்தியும் சில ஆண்டுகளில் அதற்குத் தோற்றது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் ஓரத்தைக் கொடுக்க மனமில்லாமற் போனது அவற்றுள் ஒன்று.

மூன்றாவதே முதன்மையானது என்று கருதுகிறேன். துணைப்பயிர் நம்மைப் பார்க்கக் கட்டாயப்படுத்துகிறது. ஓய்வு பெற்ற பின் வீட்டுக்குப் பின்னால் ஒரு சிறு காய்கறித் தோட்டம் போட்டிருக்கிறேன். வெண்டை, தக்காளி, மிளகாய், கத்தரி. நடுவில் கேந்தி, நான்கு மூலையிலும் ஆமணக்கு. காலையில் ஒரு சுற்று வந்து, முட்டைக் குவியல் உள்ள இலையைக் கிள்ளிச் சோப்புத் தண்ணீரில் போடுவேன். ஒரு முறை உறவினர் திருமணத்திற்காக ஒரு வாரம் வெளியூர் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் ஆமணக்கில் இலை நரம்புதான் மிச்சம். அங்கு தின்னத் தீர்ந்த புழுக்கள் மிளகாய்க்கும் தக்காளிக்கும் போயிருந்தன. கவனிக்காமல் விட்ட ஆமணக்கு, பயிரைக் காக்கும் காவலாக இல்லாமல் பகையை வளர்க்கும் தொட்டிலாகிவிட்டது. ஓரத்தில் ஒன்றை நிறுத்தினால் நாள்தோறும் அதனிடம் போக வேண்டும். போக முடியாதவர் நிறுத்தக்கூடாது.

கையால் கிள்ளிக் கொல்வதும் கொலைதானே என்று கேட்கலாம். ஆம், கொலைதான். துணைப்பயிர் முறையை அகிம்சை என்று நான் அழைக்கத் துணியேன். ஆனால் நான் என்ன செய்கிறேன் என்பதை என் விரலுக்கும் கண்ணுக்கும் தெரிய வைத்துச் செய்கிறேன். தெளிப்பானிலிருந்து செல்லும் துளி பொறிவண்டையும் தேனீயையும் தெளிப்பவரையும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. விரல் பார்க்கிறது.

இந்த முறைக்கு உள்ள எல்லைகளையும் மறைக்கக்கூடாது. காய்க்குள்ளேயே வாழும் இளஞ்சிவப்புப் புழுவை ஆமணக்கு தடுக்காது. நாலைந்து கேந்திச் செடி வேர்முடிச்சு நூற்புழுவை ஒழித்துவிடாது. அதற்கு அந்த நிலம் முழுவதும் நெருக்கமாகக் கேந்தி வளர்த்தெடுக்க வேண்டும். 2018-இல் நம் நாட்டுக்குள் வந்த படைப்புழு அவ்வாண்டே கரிசல் மக்காச்சோளத்தைச் சூறையாடியபோது, வரப்பில் தட்டைப்பயறும் எள்ளும் சூரியகாந்தியும் போடும்படி தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொன்னது. ஆனால் அவற்றோடு கோடை உழவும் வேப்பம் பிண்ணாக்கும் வேண்டும் என்றும் சொன்னது. தனி ஒருவரின் புஞ்சையில் மட்டும் செய்தால் பலன் குறையும். இலை கிள்ளும் வேலை பெரும்பாலும் பெண்கள் தலையில் விழுகிறது. அதற்கும் கூலி உண்டு. வட்டிக்கு வாங்கிப் பயிரிடும் ஓர் ஏக்கர்க்காரரிடம் போய், நஞ்சை விட்டுவிடுங்கள் என்று அறம் பேசுவது எளிது. அவருடைய கடனில் பங்கு கொள்ளாத அறம் அவருக்கு இன்னொரு சுமை.

ஆயினும் ஊராகச் சேர்ந்து செய்தவர்கள் இருக்கிறார்கள். தெலங்கானாவில், அன்றைய கம்மம் மாவட்டத்துப் புனுகுலா என்னும் சிற்றூரின் பருத்தி உழவர்கள், பூச்சிக்கொல்லிக் கடனால் நொந்து, 2000-களின் தொடக்கத்தில் ஆமணக்கையும் கேந்தியையும் வேப்பங்கொட்டைக் கரைசலையும் துணைகொண்டு ஊர் முழுவதுமாக நஞ்சைக் கைவிட்டார்கள். ஆப்பிரிக்காவின் கென்யாவில், விக்டோரியா ஏரியை அடுத்த சிறு உழவர்களுக்காக 1990-களில் உருவான முறை ஒன்று, மக்காச்சோளத்தின் இடையில் பூச்சியை விரட்டும் தீவனப் பயறும் ஓரத்தில் ஈர்க்கும் நேப்பியர்ப் புல்லும் வளர்க்கச் சொல்கிறது. ஓரத்துப் புல் மாட்டுக்குத் தீவனமும் ஆயிற்று. ஓரத்தை வீண் என்று எண்ணாதவர்களுக்கு ஓரமும் ஒன்றைத் திருப்பித் தருகிறது.

வயலின் ஓரத்தை முற்றும் அறுத்துவிடாமல் ஏழைக்கும் அந்நியருக்கும் விட்டுவைக்க வேண்டும் என்று லேவியர் நூலில் ஒரு கட்டளை உண்டு. அதை இரக்கச் செயல் என்றே நான் வெகுகாலம் படித்து வந்தேன். இப்போது வேறாகத் தோன்றுகிறது. ஓரம் உழவனுடையதே அல்ல. அது வேறொருவர் வந்து நிற்பதற்கான இடம். அங்கு யார் நிற்கிறார், என்ன ஆகிறார் என்று பார்ப்பது உழவனின் கடமை.

சென்ற கார்த்திகையில் எங்கள் பழைய புஞ்சைப் பக்கம் போனேன். நிலம் எப்போதோ கைமாறிவிட்டது. மக்காச்சோளத்துக்குள் ஒருவர் விசைத்தெளிப்பானோடு நடந்து வந்தார். துண்டை மூக்கில் கட்டியிருந்தார். அன்று எங்களுக்கு மருந்தடித்தவரின் மகன். தந்தை இறந்து பல ஆண்டுகள் ஆயிற்று என்றார். "முகமூடியெல்லாம் குடுக்காங்க, இந்த வெக்கையில எங்க போட" என்று சிரித்தார். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து அடியுங்கள், கையுறை நான் வாங்கித் தருகிறேன் என்று ஏதேதோ சொன்னேன். 'நீங்கள்' என்று நான் அழைத்ததைக் கேட்டு அவர் சற்றுத் திகைத்து என்னைப் பார்த்தார். அந்த நான்கு நாளைப் பற்றி அவரிடம் சொல்ல வேண்டும் என்றுதான் போயிருந்தேன். பேச்சு வரவில்லை.

இந்த மாதம் மறுபடியும் போக வேண்டும். நோட்டையும் எடுத்துக்கொண்டு.